தங்கவயலுக்குப் பின் – 7: எந்த நிரலகம் ஓடுகிறது?

லினக்ஸில் ஒரு நிரல் செய்யும் வேலையில் பெரும்பகுதி அதன் சொந்தக் கோப்பில் இருப்பதில்லை. ஷேர்டு லைப்ரரி என்று புழங்கும் பகிர்வு நிரலகங்களில் இருக்கிறது. எந்த நிரலகம் என்பது இரண்டு முறை முடிவாகிறது. நிரலைக் கட்டும்போது லிங்க்கர் ஒரு முறை தேர்வு செய்கிறது. நிரல் ஓடத் தொடங்கும்போது லோடர் மறுபடியும் தேர்வு செய்கிறது. இரண்டும் தேடும் இடங்கள் வேறு, பின்பற்றும் விதிகளும் வேறு. லிங்க்கர் எந்த அடைவில் எந்தக் கோப்பைக் கண்டது என்பது லோடருக்குத் தெரியாது. கோலார் தங்கவயலில் பிறந்து இன்று மதுரையில் தொடரும் நியூட்ரினோ ஆய்வின் கணிப்பு வேலை முழுவதும் இந்த இரண்டு தேர்வுகளின் மேல் நிற்கிறது.

தங்கவயலின் ஆய்வு எப்படிப்பட்டது என்பதை நினைவில் வைத்தால்தான் இதன் கனம் புரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தன. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடெரிக் ரைன்ஸின் குழுவும் அதைக் கண்டது. 1980இன் இறுதியில், தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக உழைத்த அதே தங்கவயலின் ஆழத்தில், இரும்புத் தகடுகளும் சுமார் 1,600 விகிதமுறை எண்ணிகளும் கொண்ட 140 டன் கருவி புரோட்டான் சிதைவைத் தேடத் தொடங்கியது. சிதைவாக இருக்கக்கூடும் என்று குழு முன்வைத்த நிகழ்வுகள் மிகச் சிலவே. அமெரிக்காவின் ஐஎம்பி கருவியும் ஜப்பானின் கமியோகாண்டேயும் பின்னர் அதை உறுதிசெய்யவில்லை. இவ்வளவு அரிய நிகழ்வுகளை வைத்து முடிவெடுக்கும்போது, நியூட்ரினோ மோதல் ஒன்று புரோட்டான் சிதைவுபோலத் தோற்றமளிக்க எத்தனை வாய்ப்பு என்ற பின்னணிக் கணக்குதான் தராசின் மறுதட்டு. அந்தக் கணக்கைப் போட்ட நிரல் உண்மையில் எந்தெந்தப் பகுதிகளால் ஆனது என்பது ஆய்வின் ஒரு பகுதியே.

அந்தக் காலத்தில் நிரலகத் தேர்வு ஒரே ஒரு முறைதான் நடந்தது. 1964இல் டாட்டா நிறுவனத்துக்கு வந்த சிடிசி 3600 போன்ற பெருங்கணினிகளில், ஃபோர்ட்ரான் நிரலும் அது அழைக்கும் துணைநிரல்களும் ஒரே பொதியாகி நினைவகத்தில் ஏறின. பின்னாளில் யூனிக்ஸ் கணினிகள் வந்தபோதும் இயற்பியலாளர்கள் அதே வழியில்தான் போனார்கள். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் உருவாக்கிய செர்ன்லிப் நிரலகங்களும், துகள்கள் பொருளுக்குள் செல்லும் பாதையைக் கணிக்கும் ஜியான்ட்3 நிரலும் ‘.ஏ’ என்று முடியும் காப்பகக் கோப்புகளாகப் புழங்கின. லிங்க்கர் காப்பகத்தைத் திறந்து, நிரலுக்குத் தேவையான துண்டுகளை மட்டும் நகலெடுத்து நிரலின் கோப்புக்குள் பதித்துவிடும். அதன்பின் காப்பகத்தை அழித்தாலும் நிரல் ஓடும். பத்து ஆண்டுகள் கழித்து ஓட்டினாலும் அதே துண்டுகள்தான் வேலை செய்யும்.

இந்த முறைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. அது இன்றும் லினக்ஸில் உயிரோடு இருக்கிறது. லிங்க்கர் கட்டளை வரியை இடமிருந்து வலமாக ஒரு முறை படித்துச் செல்கிறது. ஒரு காப்பகத்தை அடையும்போது, அதுவரை விடை கிடைக்காமல் நிற்கும் பெயர்களுக்கு மட்டும் அதில் விடை தேடுகிறது. பின்னால் வரும் கோப்பு ஒன்று அதே காப்பகத்தைக் கேட்டால் திரும்பி வராது. ஆகவே கேட்பவர் முன்னாலும் கொடுப்பவர் பின்னாலும் நிற்க வேண்டும்: முதலில் ஜியான்ட், பிறகு அது நம்பியிருக்கும் பேக்லிப், அதன்பின் மேத்லிப், கடைசியில் எல்லாவற்றுக்கும் அடித்தளமான கெர்ன்லிப். இந்த வரிசையை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யக் கூடாது என்பதற்காகவே ‘செர்ன்லிப்’ என்ற சிறு கட்டளை உருவானது. பெயர்களைக் கொடுத்தால் சரியான வரிசையில் நிரலகப் பட்டியலை அது அச்சிட்டுத் தரும். நிரலகங்கள் தம்மைப் பற்றிய விவரத்தைத் தாமே சொல்ல வேண்டும் என்ற நல்ல வழக்கம் அங்கே வேரூன்றியது.

பகிர்வு நிரலகம் என்ற எண்ணம் வேறொரு தேவையிலிருந்து வந்தது. நூறு நிரல்கள் ஒரே துணைநிரலை நூறு நகலாக வைத்திருந்தால் வட்டும் நினைவகமும் வீணாகும். ஒரு பிழையைத் திருத்தினால் நூறையும் மறுபடி கட்ட வேண்டும். 1988இல் வந்த சன்ஓஎஸ் 4.0 இதைத் தெளிவான வடிவில் நடைமுறைப்படுத்தியது. 1991இல் தோன்றிய லினக்ஸ், தொடக்கத்தில் ஏ.அவுட் என்ற பழைய கோப்பு வடிவத்தையே பயன்படுத்தியது. அதில் ஒவ்வொரு பகிர்வு நிரலகமும் நினைவகத்தில் முன்கூட்டியே குறித்த ஒரு முகவரியில்தான் அமர முடியும். இரண்டு நிரலகங்கள் ஒரே முகவரியைக் கோரினால் இரண்டும் சேர்ந்து ஓடாது. ஆகவே முகவரிகளைப் பங்கிட்டுப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இயக்க அமைப்பின் அடிப்படை நிரலகங்களுக்கு இது போதும். தன் ஆய்வுக்காக நாளுக்கொரு நிரலகம் எழுதும் இயற்பியலாளருக்கு இது உதவாது.

யூனிக்ஸ் சிஸ்டம் வி-யின் நான்காம் வெளியீட்டுக்காக வடிவமைக்கப்பட்ட எல்ஃப் கோப்பு வடிவத்துக்கு 1995–96இல் லினக்ஸ் மாறியதும் அந்தத் தடை நீங்கியது. எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓடும் வகையில் நிரலகங்களை எழுத முடிந்தது. அதே ஆண்டுகளில் இயற்பியல் மென்பொருளும் ஃபோர்ட்ரானிலிருந்து சி++ மொழிக்கு நகர்ந்தது. ரெனே புரூனும் ஃபோன்ஸ் ரடமேக்கர்ஸும் 1995இல் செர்னில் ரூட் மென்பொருளைத் தொடங்கினார்கள். ஜியான்ட்4இன் முதல் வெளியீடு 1998 டிசம்பரில் வந்தது. தங்கவயலின் ஆய்வுகள் 1990களின் தொடக்கத்தில் முடிந்துவிட்டன; 2001 பிப்ரவரி 28இல் சுரங்கமே மூடப்பட்டது. ஆழமான ஆய்வகம் மறுபடி வேண்டும் என்ற முயற்சி இந்திய நியூட்ரினோ ஆய்வக்கூடம் என்ற பெயரில் 2002இல் உருப்பெற்றபோது, வேலைக்கருவிகள் முற்றிலும் மாறியிருந்தன. தேனி மாவட்டம் பொட்டிபுரத்து மலைக்கடியில் அமைக்கத் திட்டமிட்ட 50,000 டன் காந்த இரும்புக் கருவி ஐகால், முதலில் கணினிக்குள்தான் கட்டப்பட்டது. நியூட்ரினோ மோதல்களை ஃபோர்ட்ரானில் எழுதிய நுவான்ஸ் உருவாக்கித் தந்தது. துகள்கள் கருவிக்குள் செல்வதை ஜியான்ட்4 கணித்தது. முடிவுகளை ரூட் அலசியது. மலைக்கு அடியில் குடையும் திட்டத்துக்கு மக்களின் எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தன. 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்த்தது. மதுரையில் 85 டன் எடையுள்ள சிறிய முன்மாதிரி, மினி-ஐகால், 2018 முதல் இயங்குகிறது.

இப்படிப்பட்ட நிரலைக் கட்டும்போது முதல் தேர்வு நடக்கிறது. கம்பைலர் மூலநிரலை மொழிபெயர்ப்பதோடு நின்றுவிடுகிறது. எந்தக் கோப்பைப் பிடிப்பது என்பது லிங்க்கரின் வேலை. ‘-எல்கோர்’ என்று கேட்டால் அது லிப்கோர் என்ற பெயரைத் தேடிப் புறப்படுகிறது. பெரிய எல் எழுத்தோடு தரப்பட்ட அடைவுகளைத் தரப்பட்ட வரிசையிலேயே முதலில் பார்க்கிறது. பிறகு தனக்குள் எழுதிவைத்திருக்கும் இயல்பு அடைவுகளைப் பார்க்கிறது. ஒவ்வோர் அடைவிலும் ‘லிப்கோர்.எஸ்ஓ’ இருக்கிறதா என்பது முதல் கேள்வி, இல்லையென்றால் ‘லிப்கோர்.ஏ’ இருக்கிறதா என்பது அடுத்தது. பகிர்வு நிரலகத்துக்கு எப்போதும் முன்னுரிமை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த முன்னுரிமை ஒரே அடைவுக்குள் மட்டும்தான். முதல் அடைவில் பழைய ‘.ஏ’ கோப்பு ஒன்று கிடந்தால், அடுத்த அடைவில் இருக்கும் புதிய ‘.எஸ்ஓ’ கண்ணிலேயே படாது. ஆய்வகக் கணினிகளில் யாரோ எப்போதோ கட்டிவைத்த காப்பகங்கள் இப்படித்தான் புதிய நிரல்களுக்குள் அமைதியாக நுழைகின்றன.

பட்டியலில் எழுதிய நிரலகம் எல்லாம் நிரலில் பதிவாகும் என்பதும் உறுதியில்லை. உபுண்டு 2011 முதல், உண்மையில் ஏதாவது ஒரு பெயருக்கு விடை தந்த நிரலகங்களை மட்டும் பதியும்படி லிங்க்கரை இயல்பாகவே அமைத்திருக்கிறது. பெரும்பாலான நிரல்களுக்கு இது நன்மை. ஆனால் ஏற்றப்பட்ட கணத்திலேயே தன் வகுப்புகளைப் பதிவு செய்துகொள்வதற்காக மட்டும் இணைக்கப்படும் நிரலகங்கள் ரூட் உலகில் உண்டு. நிரல் அவற்றின் பெயர் எதையும் நேராக அழைப்பதில்லை. லிங்க்கர் அவற்றைத் தேவையற்றவை என்று விட்டுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. கோப்பைப் படிக்கும்போது வகுப்பு தெரியவில்லை என்று பிறகுதான் தெரியவரும்.

‘.எஸ்ஓ’ என்று முடியும் கோப்பு எல்லாம் நிரலகமும் அல்ல. சி மொழியின் அடிப்படையான லிப்சி.எஸ்ஓ, பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் சில வரிகள் கொண்ட வெறும் உரைக்கோப்பு. உண்மையான லிப்சி.எஸ்ஓ.6 எங்கே இருக்கிறது, அதோடு எந்தச் சிறு காப்பகத்தைச் சேர்க்க வேண்டும் என்பதை லிங்க்கருக்குச் சொல்வது அதன் பணி.

தேடிக் கிடைத்த கோப்பின் பெயரையோ பாதையையோ லிங்க்கர் வழக்கமாக நிரலில் எழுதுவதில்லை. நிரலகத்தின் உள்ளே அதைக் கட்டியவர் பொறித்துவைத்த சோநேம் என்ற பெயரைப் படித்து, நிரலின் தேவைப் பட்டியலில் அதை மட்டும் எழுதுகிறது. நிரலகத்தின் அடையாளமாகக் கட்டும் கணினியிலிருந்து ஓட்டும் கணினிக்குப் பயணம் செய்வது இந்தப் பெயர்தான். சோநேமின் முடிவில் வரும் எண் ஓர் உறுதிமொழி: எண் மாறாதவரை, பழைய நிரல் புதிய கோப்போடு சேர்ந்து ஓடும். உறுதிமொழியைக் காக்க முடியாதபோது எண்ணைக் கூட்டிவிட வேண்டும். இதில் மொழிக்கு மொழி வழக்கம் வேறுபட்டிருக்கிறது. ஜிசிசி கம்பைலரின் சி++ நிரலகம் 2004 முதல் இன்றுவரை லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6 என்ற எண்ணிலேயே நிற்கிறது. அதே ஜிசிசியின் ஃபோர்ட்ரான் நிரலகமோ லிப்ஜிஃபோர்ட்ரான்.எஸ்ஓ.3 என்றும், ஏழாம் பதிப்பில் 4 என்றும், எட்டாம் பதிப்பில் 5 என்றும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

எண்ணே இல்லாமலும் நிரலகம் கட்டலாம். ரூட்டைக் கட்டும்போது சோநேமில் பதிப்பு எண் சேர்ப்பது ஒரு விருப்பத் தேர்வு. எண் இல்லாமல் கட்டிய இரண்டு ரூட் பதிப்புகள் ஒரே கணினியில் இருந்தால், இரண்டின் சோநேமும் லிப்கோர்.எஸ்ஓ என்றே இருக்கும். ஒன்றோடு கட்டிய நிரலுக்கு மற்றொன்றைக் கொடுத்தாலும் லோடரால் வேறுபாடு காண முடியாது. பல பதிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஆய்வகத்தில் எண்ணைச் சேர்த்துக் கட்டுவதே முறை.

இரண்டாவது தேர்வு நிரலை ஓட்டும் கணத்தில் தொடங்குகிறது. கெர்னல் நிரலின் தலைப்பைப் படித்து, அதில் குறித்திருக்கும் எல்டி-லினக்ஸ் என்ற லோடரை எழுப்புகிறது. லோடர் தேவைப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சோநேமையும் எடுத்துத் தேடுகிறது. பெயரில் சாய்கோடு இருந்தால் அதைப் பாதையாகவே கொண்டு தேடாமல் திறக்கும். இல்லையென்றால், நிரலில் ஆர்பாத் என்ற தேடல் பாதை பதிந்திருந்தால் அந்த அடைவுகள் முதலில். பிறகு எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறி சுட்டும் அடைவுகள். பிறகு நிரலில் ரன்பாத் என்ற தேடல் பாதை பதிந்திருந்தால் அதன் அடைவுகள். பிறகு எல்டிகான்ஃபிக் கட்டளை முன்பே தொகுத்துவைத்த தேக்கக் கோப்பு. கடைசியில் அமைப்பின் இயல்பு அடைவுகள். ரன்பாத் இருக்கும் கோப்பில் ஆர்பாத் கணக்கில் வராது. ஒரே சோநேம் கொண்ட நிரலகம் ஏற்கெனவே ஏறியிருந்தால் லோடர் மறுபடி தேடுவதே இல்லை. முதலில் ஏறியதே அந்த ஓட்டம் முழுவதற்கும்.

ஆர்பாத்துக்கும் ரன்பாத்துக்கும் இடையே வரிசையைத் தவிர இன்னொரு வேறுபாடு உண்டு. ஆய்வு மென்பொருளில் அதிகத் தலைவலி தருவது அதுதான். ஆர்பாத், நிரல் நேராகக் கேட்கும் நிரலகங்களுக்கும், அந்த நிரலகங்கள் கேட்கும் நிரலகங்களுக்கும் சேர்த்துப் பொருந்தும். ரன்பாத் நேரடித் தேவைகளோடு நின்றுவிடும். நிரல் ஜியான்ட்4இன் நிரலகம் ஒன்றைக் கேட்கிறது, அது அதே அடைவில் இருக்கும் இன்னொன்றைக் கேட்கிறது என்று கொள்ளலாம். நிரலில் மட்டும் ரன்பாத் எழுதியிருந்தால் முதலாவது கிடைக்கும், இரண்டாவது கிடைக்காது. அந்த நிரலகத்துக்குள்ளும் தனியாக ரன்பாத் எழுத வேண்டும். பல லினக்ஸ் வினியோகங்களில் லிங்க்கர் இப்போது இயல்பாகவே ரன்பாத்தைத்தான் எழுதுகிறது என்பதால், பழைய கட்டுமானக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவோர் இதில் சிக்குகிறார்கள்.

சூழல் மாறி நடுவில் நிற்பதற்குக் காரணம் உண்டு. நிரலை மறுபடி கட்டாமல் வேறொரு நிரலகத்தைச் சோதித்துப் பார்க்க அது வழிவிடுகிறது. ரூட்டோடு வரும் திஸ்ரூட் கோப்பும் ஜியான்ட்4இன் அமைப்புக் கோப்பும் ஓட்டப்படும்போது தங்கள் அடைவை இந்த மாறியில் சேர்க்கின்றன. இரண்டு ரூட் பதிப்புகளின் கோப்புகளை ஒரே முனையத்தில் அடுத்தடுத்து ஓட்டினால், கடைசியாக ஓட்டியது வெல்லும். அன்றாட வேலைக்கு இந்த மாறியை நம்புவது நல்லதல்ல. அது அந்த முனையத்தில் ஓடும் எல்லா நிரல்களையும் பாதிக்கிறது. முனையத்தை மூடியதும் தடயமில்லாமல் போய்விடுகிறது. நிரல் எந்த நிரலகத்தோடு ஓடியது என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல எதுவும் இருக்காது. நிரலுக்குள்ளேயே பாதையைப் பொறிப்பது இதைவிட நேர்மையான வழி. ரூட்-கான்ஃபிக் கட்டளையின் புதிய பதிப்புகள் நிரலகப் பட்டியலோடு அந்தப் பாதையையும் சேர்த்தே அச்சிடுகின்றன.

லினக்ஸின் அடிப்படை சி நிரலகத்தையும் லோடரையும் தரும் ஜிலிப்சி, 2021இல் வந்த 2.33 பதிப்பில் இந்த வரிசைக்குள் இன்னொரு அடுக்கைச் சேர்த்தது. ஒரே நிரலகத்தைச் செயலியின் திறனுக்கேற்பப் பல வடிவங்களில் கட்டித் தனித்தனித் துணை அடைவுகளில் வைக்கலாம். கணினியில் இருக்கும் செயலிக்குப் பொருந்தும் சிறந்த வடிவத்தை லோடர் தானே எடுத்துக்கொள்ளும். அப்போது ஒரே நிரல், ஒரே சோநேம், ஒரே வினியோகம் இருந்தும் இரண்டு கணினிகளில் இரண்டு வேறு கோப்புகள் ஓடக்கூடும். புதிய செயலிகள் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் செய்து ஒரே முறை முழுமையாக்குவதால், தசம எண்களின் கடைசி இலக்கங்கள் மாறலாம். இலட்சக்கணக்கான படிகளில் துகளைப் பின்தொடரும் கணக்கில், கடைசி இலக்கத்தின் மாற்றம் ஒரு துகளை வேறு வழியில் திருப்பிவிடும். சராசரிகள் மாறுவதில்லை, தனி நிகழ்வு மாறும். அரிய நிகழ்வைத் தேடும் ஆய்வில் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

நிரலகக் கோப்பு கிடைத்த பிறகும், அதிலுள்ள பெயர்களைப் பொருத்தும் வேலை மிச்சமிருக்கிறது. லினக்ஸில் பெயர்கள் எல்லாம் ஒரே பொதுவெளியில் நிற்கின்றன. ஒரு பெயரை இரண்டு நிரலகங்கள் தந்தால், ஏற்றப்பட்ட வரிசையில் முதலில் வருவது எடுத்துக்கொள்ளப்படும். பழைய நிரலகமும் புதிய நிரலகமும் ஒரே ஓட்டத்தில் ஏறினால் விளைவு கெட்டுப்போகும். இதற்காகவே ஜிலிப்சி பெயர்களுக்கும் பதிப்பு இட்டது. நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற ஒரே பெயர், 64 பிட் இன்டெல் கணினிகளில் பழைய நிரல்களுக்கு ஒரு வடிவமாகவும், 2.14 பதிப்பு முதல் கட்டியவற்றுக்கு வேறு வடிவமாகவும் கிடைக்கிறது. இந்த ஏற்பாடு ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும். பழைய கணினியில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியதைப் பழையதில் ஓட்டினால், வேண்டிய ஜிலிப்சி பதிப்பு இல்லை என்று லோடர் நிறுத்திவிடும். பல கணினிகளில் ஓட வேண்டிய நிரலை, அவற்றில் மிகப் பழையதில் கட்டுவது என்ற வழக்கம் இதிலிருந்து வந்தது.

இரண்டு தேர்வுகளையும் கண்ணால் பார்க்கக் கருவிகள் உண்டு. ரீட்எல்ஃப் கட்டளை, நிரலின் தேவைப் பட்டியலையும் அதில் பொறித்த பாதைகளையும் காட்டும். லிங்க்கர் விட்டுச்சென்றது அதில் இருக்கும். எல்டிடி கட்டளை, இந்தக் கணினியில் இந்த நிமிடம் லோடர் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று காட்டும். எல்டி டீபக் என்ற சூழல் மாறியில் ‘லிப்ஸ்’ என்று எழுதி நிரலை ஓட்டினால், லோடர் எந்தெந்த அடைவில் தேடியது, எதை எடுத்தது என்று வரிவரியாக அச்சிடும். எல்டிடி சில நேரம் நிரலையே ஓட்டக்கூடும் என்பதால், முன்பின் தெரியாத நிரலுக்கு ரீட்எல்ஃப்தான் பாதுகாப்பு. ஒவ்வொரு கணிப்பு முடிவோடும் எல்டிடியின் வெளியீட்டை ஒரு சிறு கோப்பாகச் சேமித்துவைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

செர்னும் அமெரிக்காவின் ஃபெர்மிலேபும் ஆதரித்த சயின்டிஃபிக் லினக்ஸ் 2004 முதல் உலகெங்கும் துகள் இயற்பியல் ஆய்வகங்களுக்குப் பொதுத்தளமாக இருந்தது. ஒரே வினியோகத்தை எல்லோரும் வைத்திருந்ததால், சோநேம்களும் ஜிலிப்சி பதிப்புகளும் பெரும்பாலும் ஒத்துப்போயின. அதன் ஏழாம் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூனில் முடிந்தது. இரு ஆய்வகங்களும் பரிந்துரைத்த அல்மாலினக்ஸின் ஒன்பதாம் பதிப்பில் ஜிலிப்சி 2.17இலிருந்து 2.34ஆக உயர்ந்திருக்கிறது, சி++ நிரலகத்தின் சோநேம் மாறவில்லை, ஃபோர்ட்ரான் நிரலகம் 3இலிருந்து 5ஆகிவிட்டது. ஆகவே பழைய தளத்தில் கட்டிய நிரல்களில் சியும் சி++உம் மட்டும் சார்ந்தவை, மற்ற நிரலகங்கள் கிடைக்கும்வரை, புதிய தளத்திலும் எழும். பகிர்வு ஃபோர்ட்ரான் நிரலகத்தைக் கேட்பவை லோடரிலேயே நின்றுவிடும். அவற்றை மூலநிரலிலிருந்து மறுபடி கட்டியாக வேண்டும்.